ஹாலுக்கு ஒரு போட்டோ பிரேம்: படம் யார் ஏற்றுவது?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம் கிடக்கிறது. 2011-ல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. பென்டிரைவைச் சொருகினால் ஓடும். கல்யாணப் படங்களில் ஒரு நாற்பதை ஏற்றி ஷோகேஸில் வைத்தேன். அதோடு சரி. மகள் பிறந்தாள், மகன் பிறந்தான், மும்பையில் செம்பூருக்குள்ளேயே இரண்டு வீடு மாறினோம். பிரேமில் மட்டும் நானும் என் வீட்டுக்காரியும் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டே இருந்தோம். ஒரு தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது கழற்றிய ப்ளக்கை யாரும் திரும்ப மாட்டவில்லை. மாட்டவில்லை என்று ஆறு மாதம் யாருக்கும் தெரியவும் இல்லை.

இந்த மே விடுமுறையில் குடும்பத்தோடு தாதர் – திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். தென்காசியில் அக்கா வீடு, பாபநாசம், மணிமுத்தாறு, கிருஷ்ணாபுரம் கோயில், கடைசியாகக் கன்னியாகுமரி. திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் நாலு போனிலுமாக 1,800 படங்கள். அம்மாவுக்கு 74 வயது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. "ஏல, போன்ல குட்டி குட்டியா காட்டுதிய, சட்டுனு தள்ளி விட்டுருதிய. எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்றாள். நியாயமான புகார்தான். மறுபடியும் ஒரு பிரேம் வாங்குவது, இந்த முறை அது பரணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கையில் இருந்த வழிகள் ஐந்து. பழையபடி பென்டிரைவ் பிரேம். போனிலிருந்து படம் அனுப்பும் வைஃபை பிரேம். அமேசானின் எக்கோ ஷோ, கூகுளின் நெஸ்ட் ஹப் மாதிரியான பேசும் திரைகள். வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட். ஹாலில் ஏற்கெனவே இருக்கும் டிவி. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் திரையின் அளவில் ஆரம்பித்து விலையில் முடிப்பார்கள். பரணில் கிடப்பது எனக்கு வேறு கேள்வியைக் கொடுத்தது. வாங்கிய மூன்றாவது மாதத்தில் இதில் புதுப் படம் யார் ஏற்றுவார்கள்? அதற்குப் பதில் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல பிரேமும் காலண்டர் அட்டைதான்.

டிவியை முதலில் தள்ளிவிடலாம். செலவு கிடையாது, திரை பெரியது. ஆண்ட்ராய்டு டிவியோ, டிவியில் சொருகும் குரோம்காஸ்டோ இருந்தால் சும்மா இருக்கும் நேரத்தில் கூகுள் போட்டோஸ் ஆல்பத்தைத் தானாகவே ஓட்டும். ஆனால் எங்கள் டிவி சும்மா இருப்பதே இல்லை. அம்மாவின் சீரியல் நேரம் போக மிச்சமெல்லாம் பிள்ளைகளுடையது. ஓய்வில் ஓவியம்போலத் தொங்குகிற சாம்சங்கின் 'தி பிரேம்' வகை டிவி அழகுதான், மனிதர் நடமாட்டம் இல்லாவிட்டால் தானே அணைந்தும்விடும். அதற்குச் சுவர் நம்முடையதாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே ஓனருக்குப் போன் போட வேண்டிய ஊர் இது.

பழைய டேப்லெட் யோசனை வீட்டுக்காரியுடையது. "அலமாரில சும்மாதான கெடக்கு" என்றாள். எனக்கும் ஆசை வந்தது. அதன் திரை கடையில் விற்கும் பாதி பிரேம்களைவிட நன்றாகவே இருந்தது. சிக்கல் பேட்டரியில். லித்தியம் பேட்டரியை எந்நேரமும் சார்ஜரில் போட்டு 100 சதவீதத்திலேயே வைத்து, கூடவே திரையின் சூட்டையும் கொடுத்தால் அது சீக்கிரம் கெடும். சில சமயம் ஊதும். என் பழைய போன் ஒன்றை இப்படிச் சமையலறையில் பாட்டு கேட்க மாட்டி வைத்திருந்தேன். ஒரு மே மாதத்தில் அதன் முதுகு பூரி மாதிரி எழும்பி, பக்கவாட்டில் கண்ணாடி பிளந்து நின்றது. அதன் பக்கத்தில்தான் கேஸ் அடுப்பு. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் டேப்லெட்டில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் நாள் முழுக்க மாட்டி வைக்க வேண்டாம். பிரேம்களில் பெரும்பாலும் பேட்டரியே கிடையாது. குறை என்று தோன்றும். எனக்கு அதுதான் நிம்மதி.

பேசும் திரைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். படம் காட்டுவதில் நெஸ்ட் ஹப் கெட்டிக்காரன். அறையின் வெளிச்சத்தையும் அதன் நிறத்தையும் அளந்து திரையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதால், ஏழு அங்குலமே என்றாலும் காகிதப் படம் மாதிரியே இருக்கும். கூகுள் போட்டோஸில் ஒரு ஆல்பத்தைக் காட்டிவிட்டால் போதும், புதிதாகச் சேர்ப்பது தானே வந்துவிடும். எக்கோ ஷோவில் திரை பெரிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் வேலை படம் காட்டுவது மட்டும் இல்லை. செய்தி, சமையல் குறிப்பு, அது வாங்கு இது கேள் என்று இடையிடையே ஏதாவது எட்டிப் பார்க்கும். அமைப்புகளில் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலும் முழுக்க ஓய்வதில்லை. அப்பா படத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே பாஸ்தா செய்முறை வந்தால் அம்மா என்னைத்தான் கேட்பாள். எக்கோ ஷோவுக்குள் இருந்து பேசும் அலெக்சாவிடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும். முப்பது வருடம் மும்பைக் காய்கறிக்காரர்களோடு அம்மா பேசிப் பழகிய இந்தி அலெக்சாவுக்குப் புரியுமா என்று சோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஹாலில் எந்நேரமும் ஒரு மைக் இருப்பதும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரியம் அல்ல.

ஆக, போட்டி பென்டிரைவ் பிரேமுக்கும் வைஃபை பிரேமுக்கும்தான்.

இணையத்தில் விவரம் படித்து அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்குப் போனேன். மும்பையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் பார்த்து வாங்க இன்னும் அந்தத் தெருதான். போகும்போது சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ், அதில் ஐந்தே ஐந்து படங்கள். மணிமுத்தாறு அருவியை நெட்டுவாக்கில் எடுத்தது, பதினாலு பேர் நிற்கும் குரூப் போட்டோ, கோயில் மண்டப இருட்டில் அக்காவின் முகம், அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ஸ்கேன், அக்கா மகள் ஐபோனில் எடுத்த ஒன்று. நீங்களும் இப்படிப் போங்கள். கடையில் ஓடும் மாதிரிப் படங்கள் எல்லாம் படுக்கைவாக்கில் எடுத்த சுவிட்சர்லாந்து மலையும் மஞ்சள் பூவும்தான். அவை எந்தத் திரையிலும் நன்றாகத்தான் தெரியும். நம் வீட்டுப் படம் நம் நிறத்து முகங்களால் ஆனது. மட்டமான திரையில் அந்த முகங்கள் கரியாகின்றன, அல்லது மஞ்சள் பூசிக்கொள்கின்றன.

முதல் பிரேமில் பென்டிரைவைச் சொருகினார் கடைக்காரர். மணிமுத்தாறு அருவி இடமிருந்து வலமாக விழுந்தது. நெட்டுவாக்கில் எடுக்கும்போது போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத பிரேம் படத்தைப் படுக்கப் போட்டுவிடும். ஐபோன் படம் வரவே இல்லை. "சாப், போட்டோ மே ஹீ குச் ப்ராப்ளம் ஹை" என்றார் கடைக்காரர். படத்தில் ஒரு ப்ராப்ளமும் இல்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் படங்களை ஜேபெக்கில் அல்ல, ஹெச்.ஈ.ஐ.சி. என்ற வடிவத்தில் சேமிக்கிறது. சாதா பிரேம்களுக்கு அது தெரியாது. ஐபோனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தொட்டுவிட்டால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். பென்டிரைவிலும் ஒரு சங்கதி உண்டு. 32 ஜிபி வரை, அதுவும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால்தான் பல பிரேம்கள் அதைத் திறக்கும். புதிதாக வாங்கும் 64 ஜிபி டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வருவதால், சொருகினாலும் பிரேம் சும்மா முழிக்கும்.

கடையில் நின்ற இடத்திலேயே இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தேன். அக்காவின் முகம் நெகட்டிவ் மாதிரி வெளிறியது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை இல்லாத பிரேமில் இப்படித்தான். ஹாலில் படம் பார்ப்பவர்கள் யாரும் அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காருவதில்லை. அம்மா திவானில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். ஆகவே பெட்டியில் ஐபிஎஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் நகர்ந்து பாருங்கள்.

அடுத்தது திரையின் அளவு. இதில்தான் எனக்கே தெளிவு வர நேரம் பிடித்தது. பத்து அங்குலப் பிரேம்களில் பெரும்பாலானவற்றின் திரை 1280-க்கு 800 புள்ளிகள். கணக்குப் போட்டால் பத்து லட்சத்துச் சொச்சம், அதாவது ஒரு மெகாபிக்சல். போனில் 50 மெகாபிக்சல் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் படம் இங்கே ஒன்றாகிவிடுகிறது. ஆறடி தள்ளி இருந்து பார்க்க அது போதும், சந்தேகமே வேண்டாம். விலை குறைந்தவற்றில் 1024-க்கு 600 இருக்கும். ஏழு அங்குலத்தில் அது பரவாயில்லை, பத்து அங்குலத்தில் மூக்குக் கண்ணாடி விளிம்பெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வாட்ஸப்பில் வந்த படம் சுருங்கியிருக்குமே என்று கவலைப்படத் தேவையில்லை. வழக்கமான தரத்தில் அனுப்பினாலே நீளவாக்கில் 1,600 புள்ளி அளவில் வரும், இந்தத் திரைக்கு அதுவே மிச்சம். ஒன்று மட்டும், வாட்ஸப் படம் எடுத்த தேதியை உரித்துவிடும். தேதிவாரியாக ஓடவிட்டால் கன்னியாகுமரி முதலில் வந்து தாதர் ஸ்டேஷன் கடைசியில் வரும். வரிசை முக்கியம் என்பவர்கள் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

புள்ளிகளைவிட முக்கியம் திரையின் வடிவம். போன் கேமராவின் படம் வழக்கமாக 4:3. பிரேம் 16:10, அல்லது 16:9. படுக்கைவாக்குப் படத்தை முழுசாகக் காட்டினால் இரு பக்கமுமாகத் திரையில் 16:10-ல் ஆறில் ஒரு பங்கு, 16:9-ல் கால் பங்கு கறுப்பாக நிற்கும், அது உறுத்தாது. நெட்டுவாக்குப் படத்தைப் படுக்கைப் பிரேமில் போட்டால் திரையில் பாதிகூட நிறையாது. சரி, திரையை நிரப்பு என்று அமைப்பில் சொன்னால் மேலும் கீழும் வெட்டிவிடும். மேலே இருப்பது தலை. 4:3 திரையுள்ள பிரேம்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆரா நிறுவனத்தின் சில மாடல்கள் அப்படி, 1600-க்கு 1200 புள்ளிகளோடு வருபவை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அடாப்டர் நம் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும், ஆனால் கெட்டுப்போனால் இங்கே எங்கே கொடுப்பது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் கண்ட வழி ரொம்ப எளியது. 1,800-லிருந்து 120 படங்களைப் பொறுக்கி வைத்திருந்தோம். அதில் எத்தனை நெட்டு, எத்தனை படுக்கை என்று மகளை எண்ணச் சொன்னேன். 74 நெட்டு. அப்படியென்றால் பிரேமை நிமிர்த்தி வைக்க வேண்டியதுதானே! நிமிர்த்தி நிறுத்த ஸ்டாண்டு இடம் கொடுக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. கொடுத்தது. குரூப் போட்டோக்கள் நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டன, பதினாலு பேரில் யார் யாரென்று அம்மா எழுந்து வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் தனித்தனி ஆட்களின் படமெல்லாம் திரை நிறைந்து நிற்கின்றன. உங்கள் படங்களை எண்ணிப் பார்க்காமல் பிரேமின் வடிவத்தை முடிவு செய்யாதீர்கள். எண்ணும்போதே இன்னொன்றும் புரியும். ஒரு படம் முப்பது விநாடி என்று வைத்தால் 1,800 படம் ஓடி முடிய 15 மணி நேரம். ஒரு படம் நாளுக்கு ஒரு தடவை வந்தால் அதிகம், அதுவும் அம்மா தூங்கும்போது வரும். 120 என்றால் மணிக்கு ஒரு சுற்று.

லாமிங்டன் ரோட்டில் நான் கேட்ட நாளில் பத்து அங்குலப் பென்டிரைவ் பிரேம் 5,000 ரூபாயை ஒட்டியும், வைஃபை பிரேம் 8,000-க்கு மேலும் சொன்னார்கள். வித்தியாசம் சின்னதல்ல. பென்டிரைவ் பிரேமின் பக்கம் சொல்லவும் நிறைய இருக்கிறது. இணையம் வேண்டாம், செயலியில் கணக்குத் திறக்க வேண்டாம், படம் வீட்டை விட்டு வெளியே போகாது, எந்தக் கம்பெனி மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும். இனி கூடவோ குறையவோ போகாத படங்கள் என்றால், அதாவது மறைந்துபோன ஒருவரின் படங்கள், பழைய கல்யாண ஆல்பத்தின் ஸ்கேன் இப்படி, யோசிக்காமல் இதையே வாங்குவேன். எங்கள் வீட்டிலோ படம் எடுப்பவர்கள் தென்காசியிலும் கோவையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைக் குரூப்பில் போட, நான் இறக்கி, லேப்டாப்பில் ஏற்றி, பென்டிரைவில் மாற்றிச் சொருக வேண்டும். நான் செய்ய மாட்டேன் என்பதற்கு அத்தாட்சி பரணில் இருக்கிறது.

வைஃபை பிரேம்களில் இரண்டு ஜாதி. சிலவற்றில் படங்கள் கம்பெனியின் சர்வரில் குடியிருக்கும், பிரேம் அங்கிருந்து எடுத்துக் காட்டும். வசதிதான், ஆனால் வாடகைக் குடித்தனம். 2025-ல் பெயர் பெற்ற பிரேம் கம்பெனி ஒன்று இலவச இடத்தை 10 ஜிபியிலிருந்து 500 எம்பியாகக் குறைத்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா. அதே ஆண்டு மார்ச் 31-லிருந்து, வெளிச் செயலிகள் நம் கூகுள் போட்டோஸ் நூலகத்தை மொத்தமாகப் படிக்கும் வழியை கூகுள் அடைத்தது. ஆல்பத்தில் சேர்த்தால் தானே பிரேமுக்கு வந்துவிடும் என்றிருந்த பல பிரேம்களில் இப்போது நாமே ஒவ்வொரு முறையும் பொறுக்கி அனுப்ப வேண்டும். கடையில் இருக்கும் பெட்டி அதற்கு முன்னே அச்சானதாக இருக்கலாம், அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு ஜாதியில் படம் பிரேமின் சொந்த நினைவகத்திலேயே தங்கும். டென்மார்க்கில் பிறந்த பிரேமியோ செயலியில் ஓடும் பிரேம்கள் இந்த ரகம். ஒரே செயலி, பல கம்பெனிகளின் பெயரில் கிடைக்கும். பிரேம் ஒரு குறியீட்டைத் தரும், அதை யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்கள் தங்கள் போனிலிருந்து படம் அனுப்பலாம். வைஃபை போனாலும் வந்த படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அனுப்பும்போதே படத்தில் எந்த இடம் முக்கியம் என்று விரலால் காட்டிவிட்டால் தலை வெட்டுப்படாது. இலவசத்தில் ஒரு தடவைக்கு பத்துப் படம்தான் அனுப்ப முடியும். அதனால் முதல் 120-ஐ மெமரி கார்டில் ஏற்றிவிட்டு, பிறகு வருவதைச் செயலிக்கு விட்டேன். பெயர் தெரியாத செயலியோடு அடிமாட்டு விலைக்கு வரும் பிரேம்களை வீட்டு வைஃபையில் சேர்க்காதீர்கள். 2008-லேயே அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொடர் விற்ற பிரேம்களில் தொழிற்சாலையிலிருந்தே வைரஸ் ஏறி வந்திருந்தது. அது கம்ப்யூட்டரில் சொருகும் காலம், இப்போது இவை நேரே வீட்டு இணையத்தில் உட்காருகின்றன. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் பிரேமுக்கு அதைக் கொடுப்பது உத்தமம்.

வாங்கியது இந்த இரண்டாவது ஜாதிதான். 10.1 அங்குலம், ஐபிஎஸ். முதல் நாள் சாயங்காலம் முழுக்க வைஃபையைக் கண்டுகொள்ளாமல் மல்லுக்கட்டியது. பல பிரேம்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டாகப் பெயர் பிரித்ததும் உடனே பிடித்துக்கொண்டது. மின்சாரம் பற்றிப் பயம் வேண்டாம், அடாப்டர் 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது முழு மூச்சில் ஓடினாலும் 10 வாட். நாளுக்கு 16 மணி நேரம் என்றாலும் மாதம் ஐந்து யூனிட்டைத் தாண்டாது. வயரை மட்டும் அளந்துகொண்டு போங்கள். ப்ளக் பாயிண்டிலிருந்து ஷோகேஸின் மேல்தட்டுக்கு எங்களுக்கு அரை அடி போதவில்லை. பிரேம் இப்போது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் நல்லதாகப் போயிற்று. முதலில் நினைத்த இடம் ஜன்னலுக்கு எதிரே, பகலில் கண்ணாடி மாதிரி எதிர்க் கட்டடத்தைத்தான் காட்டியிருக்கும். அம்மா ஹாலில் படுப்பதால் இரவு பத்துக்கு அணைந்து காலை ஆறுக்கு எழும்படி வைத்திருக்கிறேன். இந்த நேர அமைப்பு இல்லாத பிரேமை ஒன் பி.எச்.கே. வீட்டுக்காரர்கள் வாங்கவே வேண்டாம்.

காகிதத்தில் பிரிண்ட் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், இந்த ஊர் மழைக்காலத்தில் நாலே வருடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் பெரிய படம் அப்படித்தான் போனது. நல்லவேளை, அதற்கு முன்னே ஸ்கேன் எடுத்திருந்தோம். இப்போது 120-ல் ஒன்றாக அது வருகிறது. வரும்போது அம்மா கையை நீட்டி "நிறுத்து, நிறுத்து" என்பாள். திரையை ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும் என்று பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எழுந்து போய்த் தட்டுவதற்குள் முப்பது விநாடி ஓடிவிடுகிறது என்பதால் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று மாற்றினேன்.

குறியீட்டை அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் கோவைத் தம்பிக்கும் கொடுத்தேன். இரண்டு மாதமாகிறது, நான் ஒரு படம்கூட ஏற்றவில்லை. பிரேமில் 190-க்கு மேல் ஆகிவிட்டது. அக்கா வாசல் கோலத்தையும் குற்றாலத்துச் சாரலையும் அனுப்புகிறாள். கூடவே தினமும் காலை ஆறரைக்கு ஒரு ரோஜாப்பூவும் வருகிறது, 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தோடு. மச்சான் வேலை. குறியீட்டை அக்காவிடமிருந்து அவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். அமைப்புகளில் நண்பர்கள் பட்டியலுக்குப் போய் ஒருவரை நீக்க மூன்று தட்டுதான். மூன்றாவது தட்டுக்கு முன்னே அம்மா பார்த்துவிட்டாள். "ஏல, அவிய நம்ம வீட்டு மாப்பிள்ளைல்லா. என்ன நெனப்பாவ?"

ரோஜாப்பூ ஓடிக்கொண்டிருக்கிறது.